நிழல் பங்கு

கண்ணாடிக்காரரின் கடைக்குப் போனவர்களில் அவருடைய அண்ணனைத் திட்டாமல் திரும்பியவர்கள் குறைவு. மூக்குக்கண்ணாடிக்குக் கால் மாட்டவோ லென்ஸ் மாற்றவோதான் போயிருப்பார்கள். அவர் முதலில் செய்கிற காரியம், வந்தவரின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொள்வது. அப்புறம் அந்த ஆள் எங்கே போவார்? எதிரே இருப்பது சுவரா கதவா என்று தெரியாமல் முக்காலியில் உட்கார்ந்து, சொல்வதை முழுக்கக் கேட்டாக வேண்டும். ஒரு திருகாணி முடுக்குகிற வேலை, அண்ணன் செய்த அநியாயத்தின் நீளத்துக்கு நீண்டுகொண்டே போகும்.

அநியாயம் இதுதான். அப்பா விட்டுப்போன வீடு, தெருவில் தொடங்கிப் பின்சந்தில் முடிகிற ஒரே நீள வீடு. அதை இரண்டாகப் பிரித்தபோது தெருவும் வெளிச்சமும் உள்ள முன்பாதி அண்ணனுக்குப் போயிற்று. பின்பாதி தம்பிக்கு வந்தது. பின்பாதியை ஒட்டி ஒரு சரக்குக் கிடங்கின் சுவர் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது. அதைத் தாண்டி வெயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. துவைத்த சட்டை காயாது. சுவரெல்லாம் பாசி. செருப்பைக் கொஞ்ச நாள் தொடாமல் விட்டால் அதன்மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். "அண்ணன்னு ஒருத்தன் வெளிச்சத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறான், தம்பின்னு ஒருத்தன் இருட்டுல கிடந்து பூசணம் பிடிக்கிறேன்" என்று முடிப்பார். கேட்டவர் உச்சுக்கொட்டுவார். கொட்டாமல் என்ன செய்வார், கண்ணாடி இவர் கையில் அல்லவா இருக்கிறது.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் அவர் சொல்வதில்லை. அந்தப் பின்பாதியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பங்கு பிரிக்கும்போது பேச்சு என்னவென்றால், அண்ணன் பிரிப்பது, தம்பி முதலில் எடுத்துக்கொள்வது. அண்ணன் பேருந்து ஓட்டுநர். கோடு போட்டால் கோணாமல் போடுகிறவர். வீட்டின் நட்டநடுவே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "எது வேணுமோ எடுத்துக்கடா" என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். நல்ல கோடை, நடுப்பகல். கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். முன்பாதியில் கால் வைத்தார். தரை சுட்டது. பின்பாதிக்குப் போனார். அங்கே தரை சில்லென்று இருந்தது. ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, சும்மா பார்க்கலாமே என்று துண்டை விரித்துப் படுத்தவர் குறட்டையே விட்டுவிட்டார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "எனக்கு இதுதான்" என்றார். அண்ணன், "நல்லா யோசிச்சியா?" என்று கேட்டார். தம்பி, "யோசிச்சுத்தானே தூங்கினேன்" என்றார்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. சட்டை காயவில்லை. அன்றைக்குப் பிறந்தது அந்தக் குறை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் அதைச் சொல்லிக்கொண்டு திரிய முடியுமா? ஆகவே சூனியம் வைத்தது அண்ணன் ஆகிவிட்டார். நடந்தது தெரிந்த ஓரிருவர் வாயைத் திறந்தால், அதற்கும் பதில் இருந்தது. "உச்சி வெயில்ல ஓடி வந்தவனை நிறுத்தி எது வேணும்னு கேட்டா எந்த மடையனும் நிழலைத்தான் கேப்பான். அது தெரிஞ்சுதானே அந்த நேரத்துக்குக் கூப்பிட்டான்?" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கடிகாரமே கோணல் என்றார்.

மற்றபடி நல்ல மனிதர். ஆள் குள்ளம். சட்டைப்பையில் எப்போதும் குட்டிக் குட்டித் திருப்புளிகள். மனிதர்களை முகம் பார்த்து நினைவு வைப்பதில்லை, மூக்கைப் பார்த்துத்தான். தெருவில் யாராவது கை தூக்கினால், மூக்கின் மேல் கண்ணாடி பதிந்த தடத்தைப் பார்த்த பிறகுதான் இன்னார் என்று பிடிபடும். தொழிலில் சுத்தம். கொண்டாட்டம், குடி என்று எதுவும் கிடையாது. ஒரு மனிதனுக்கு ஏதாவது ஒரு சொத்து வேண்டுமே. அவருக்கு அந்தக் குறை இருந்தது. அதை நன்றாகப் பராமரித்தார்.

பராமரிப்பு என்றால் சும்மா இல்லை. பின்பக்க முற்றத்தில் ரோஜா வைத்தார். ரோஜா இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. அந்தக் குச்சியைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். தக்காளி வைத்தார். அது கொடிபோல நீண்டு வெளுத்துப் படுத்துக்கொண்டது. அதையும் காட்டினார். ஒரு வருடம், மனசாட்சி என்று ஒன்று இருக்கிறவன் செய்யமாட்டான், சூரியகாந்தி விதைத்தார். பாவம், அது முளைத்து, சூரியன் எங்கே என்று தேடித் தேடி, கடைசியில் அடுத்த வீட்டுத் தகரக்கூரையின் பளபளப்பைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. பார்க்க வந்த ஒரு மாமி அழுதேவிட்டாள். கண்ணாடிக்காரருக்கு அன்று நல்ல பசி எடுத்தது.

இந்த லட்சணத்தில்தான், பூவே பூக்காத பெரணிச்செடி ஒன்று வந்தது. அவர் மனைவியின் அக்கா மலைப்பக்கம் இருக்கிறாள். அங்கே ஓடைக்கரையில் இந்தப் பெரணி ஆள் உயரத்துக்குத் தானாகவே வளர்ந்து கிடக்கும். மனைவி அக்காவைப் பார்க்கப் போனவள், ஒரு சின்னத் தூரை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினாள். கிடங்குச் சுவரோரம், காய்கறி கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில், மக்கிய இலையைக் கொட்டி நட்டாள். தூரின் தலை மண்ணுக்குள் புதையக்கூடாது, புதைந்தால் அழுகிவிடும் என்று விரலால் மண்ணை ஒதுக்கிவிட்டாள். கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். இதுவும் சாகும், இன்னொரு சாட்சி ஆச்சு என்று அவருக்குத் திருப்தி.

அது சாகவில்லை. முதல் வருடம் ஏதோ நாலு இலையோடு உம்மென்று இருந்தது. அடுத்த மழையில் நடுவிலிருந்து பழுப்பு மயிர் போர்த்திய சுருள்கள் கிளம்பின. ஒவ்வொன்றும் மெல்ல மெல்லச் சுருள் அவிழ்ந்து, முழங்கை நீளத்துக்கு, அப்புறம் கை நீளத்துக்கு, அப்புறம் கண்ணாடிக்காரரின் தலைக்கு மேலே போயிற்று. எந்தச் சுவர் எந்தச் செடியையும் வாழவிடாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாரோ, அந்தச் சுவரோரம் ஒரு பச்சைப் பந்தல் நின்றது. அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வழக்கில் நம்முடைய சாட்சி எதிர்க்கட்சிக்குப் பேச ஆரம்பித்தால் வேறு எப்படி இருக்கும்?

ஒருநாள் இலைகளின் அடியில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்தார். நோய் வந்துவிட்டது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டார். அடுத்த நிமிடம் கடைக்கு ஓடினார். பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தார். புள்ளிகள் நரம்புக்கு இரண்டு பக்கமும் ஊசியால் குத்தி வைத்ததுபோல வரிசையாக இருந்தன. போகட்டும் என்று விட மனம் வரவில்லை. லென்ஸ் துடைக்கிற திரவத்தையும் மெல்லிய துணியையும் எடுத்துவந்து, ஓர் இலையை மடியில் வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தெடுத்தார். இலை இரண்டு நாளில் கறுத்துப்போயிற்று. மனைவி பிடித்துக்கொண்டாள். "அது நோயில்ல, அதோட விதை. புள்ளைத்தாச்சி வயித்தை யாராவது சோப்பு போட்டுத் தேய்ப்பாங்களா?" என்று கேட்டாள். அவர் துணியை மடித்து வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் தனக்கு அந்தச் செடி மேல் பிரியம் என்பது அவருக்கே தெரிந்தது.

அப்புறம் அவர் கதை கெட்டது. கடை மூடியதும் நேரே பின்முற்றம். பெரணிக்கு அடியில் ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கோடையில் சூடான காற்று வந்து இலைநுனி கருகாமல் இருக்கச் சுவரெல்லாம் தண்ணீர் தெளிப்பார். உதிர்ந்த பழைய இலைகளை வெட்டித் தூருக்கே போர்த்துவார். சுவர்ப் பாசியில் நகத்தளவு குட்டிப் பெரணிகள் முளைத்தபோது, பேரன் பிறந்ததுபோல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் வெளியே ஒரு வார்த்தை வராது. வந்தால் குறை என்ன ஆகும்? சின்னவீடு வைத்தவன்கூட அவ்வளவு பத்திரமாக மறைத்திருக்கமாட்டான். ரோஜாக்குச்சியைப் பார்க்க வருகிறேன் என்று சொன்னவர்களிடம், இப்போதெல்லாம் அந்தப் பக்கம் புதர் மண்டிவிட்டது, பாம்பு நடமாட்டம் என்று சொல்லித் தடுத்துவிட்டார். அண்ணன் வருவாரோ என்ற பயமே இல்லை. பங்கு பிரித்த நாளிலிருந்து அண்ணன் பின்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க முகம் இல்லாமல்தான் வரவில்லை என்று கண்ணாடிக்காரர் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியே போயிருக்கும். அண்ணன் மகளுக்கு வரன் வந்தது. பையனின் அப்பா வெளியூர்க்காரர். அவர் ஊரில் அவரை நியாயஸ்தர் என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேர் எங்கே சண்டை போட்டாலும் நடுவில் போய் நின்று தீர்ப்புச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பேச்சை முடிக்க வந்த நாளில், பேருந்தில் தன் கண்ணாடிமேலேயே உட்கார்ந்து அதன் காலை ஒடித்துவிட்டார். இறங்கியதும் முதலில் தென்பட்ட கண்ணாடிக் கடையில் நுழைந்தார்.

கண்ணாடிக்காரர் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. நல்ல கனமான லென்ஸ். கழற்றினால் ஆளுக்குத் தன் கையே தெரியாது. இப்படி ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம். கண்ணாடிக்காரர் எந்த அவசரமும் இல்லாமல் ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். வெயில், பாசி, செருப்பு, சூரியகாந்தி, பாம்பு, ஒன்றையும் விடவில்லை. நியாயஸ்தர் அடிக்கடி தொடையில் தட்டிக்கொண்டார். "கூடப் பிறந்தவனுக்கே இதைச் செய்யறவன் ஊருக்கு என்ன செய்யமாட்டான்?" என்றார். கண்ணாடிக்காரருக்கு மனம் நிறைந்துபோய், கால் மாட்டிய கூலிகூட வாங்கவில்லை.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனார். என்ன இருந்தாலும் பெண்ணுக்குச் சித்தப்பா. கூடத்தில் விருந்தாளி உட்கார்ந்திருந்தார். அந்த மூக்கைப் பார்த்ததும், காலையில் கடைக்கு வந்தவர் இவர்தான் என்று கண்ணாடிக்காரருக்குப் பிடிபட்டது. நியாயஸ்தரும் இவரைப் பார்த்தார். முகம் மனதில் பதியாவிட்டால் என்ன, குரல் பதியாதா? வாங்க என்று இவர் சொன்ன ஒரு சொல் போதுமாக இருந்தது. கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "காலையில நீங்க சொன்ன அந்த அண்ணன் இவர்தானா?" என்று கேட்டார்.

கண்ணாடிக்காரர் சட்டைப்பையிலிருந்த திருப்புளிகளைச் சரிசெய்தார். நியாயஸ்தர் கடையில் கேட்டதையெல்லாம் அப்படியே எடுத்து வைத்தார். தம்பியை இருட்டில் தள்ளிய குடும்பத்தில் சம்பந்தம் வைக்க யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னால் போதும், தம்பி தானே எடுத்தான் என்று ஒரு வார்த்தை. அண்ணன் அதைச் சொல்லவில்லை. தம்பி பக்கம் திரும்பி, "மாத்திக்கலாம் தம்பி. நீ முன்னாடி வந்துடு, நான் பின்னாடி போயிடறேன். எனக்கும் வயசாச்சு. இந்தப் பேச்சோட நான் சாக வேண்டாம்" என்றார்.

நியாயஸ்தர் எழுந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு சம்பந்தி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தானே கூட நின்று வீடு மாற்றிவைப்பதாகவும், மறுநாளே கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்றும் சொன்னார். எல்லோரும் கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால், நடுச்சுவர் வழியே எல்லாவற்றையும் கேட்டுவிட்ட மனைவி ஏற்கெனவே பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். இப்பவே என்ன அவசரம் என்று கேட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முன்பாதி முன்பாதி என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, கிடைத்தபிறகு என்ன தயக்கம் என்றாள். அவர் பெரணியைக் கையால் காட்டினார். அவள் சுற்றுவதை நிறுத்தாமலேயே, "அது வராது. வேரு சுவருக்கு அடியில போயாச்சு. இத்தனை வருஷமா இந்த நிழலைத் திட்டினீங்களே, அது இந்த நிழலைத்தான் தின்னு வளர்ந்துச்சு" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். பெரணியை நட்டவள் அவள். அவளுக்கும் அழுகை வந்தது, அதைக் காட்டாமல் இருக்கப் பாத்திரத்தை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் மதியம் கண்ணாடிக்காரர் முன்பாதியின் வாசலில் போய் நின்றார். பெரணி வைக்க அங்கே எங்காவது நிழல் விழுகிறதா என்று பார்க்கத்தான். விழுந்தது. விளக்குக் கம்பத்தின் நிழல், ஒரு கை அகலம். அது நகர நகர இவரும் கூடவே நகர்ந்து பார்த்தார். வாசலோரம் ஒரு பழைய பேருந்து இருக்கை கிடந்தது. அண்ணன் ஓய்வு பெற்றபோது பணிமனையில் கொடுத்தது. அதில் உட்கார்ந்தவர் சூடு தாங்காமல் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டார். அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, இப்பவே வந்து உரிமையா உக்காந்துட்டான் பாரு என்று அண்ணியிடம் பாசமாகச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் அண்ணனையே பயமுறுத்தப் பார்த்தார். பின்பக்கம் ஈரம் ஏறும் அண்ணே, உனக்கு மூட்டுவலி வந்துவிடும் என்றார். தெரியும், நீதான் சொல்லியிருக்கிறாயே என்றார் அண்ணன். கொசு, தவளை, பூசணம் என்று அடுக்கினார். அதுவும் தெரியும், ஊரே வந்து சொல்லியிருக்கிறது, போதும் நீ பட்டது என்றார் அண்ணன். பாம்பு என்றார். அண்ணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் ஊர் முழுக்கக் கேட்கும்படி அல்லவா கத்தி வைத்திருக்கிறது, இனி எந்தக் குரலை மாற்றிக் கத்துவது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு பின்சந்து வழியாக வந்தார். அண்ணியும் வந்தாள். நியாயஸ்தர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, நீதி நடக்கிற இடத்துக்கு வருகிற முகத்தோடு வந்தார். அண்ணன் முற்றத்தில் காலை வைத்ததும் ஒரு கணம் அப்படியே நின்றார். கழுத்து வேர்வையைத் துடைக்கத் துண்டை எடுத்தவர், துடைக்க ஒன்றும் இல்லாமல் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டார். அப்புறம்தான் பெரணியைப் பார்த்தார். சுவரோரம் அகலமாக, ஒரு பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு, இலைகளெல்லாம் வளைந்து தரையைத் தொட அது நின்றுகொண்டிருந்தது.

"பாம்பு பாம்புன்னு சொன்னியே, இந்தப் புதர்லதானா?" என்று கேட்டார். அண்ணன் வந்து அவர் தோளில் கை வைத்தார். "இத்தனை வருஷம் இதுக்குப் பக்கத்துலயா படுத்துத் தூங்கின? கொத்தனாரே, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல இதைத் தூரோட வெட்டிப் போடுங்க. சிமென்ட் போட்டு மூடிடலாம்."

கொத்தனார் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். தூர் எங்கே இருக்கிறது என்று பார்க்க இலைகளைக் காலால் ஒதுக்கினார். நடுவில் புதுச்சுருள் ஒன்று அப்போதுதான் தலை தூக்கியிருந்தது. கண்ணாடிக்காரர் ஓடிப்போய்க் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். குள்ளமான மனிதர், கொத்தனார் தூக்கினால் அவரும் சேர்ந்து மேலே வந்திருப்பார்.

"வெட்டாதீங்க" என்றார். அப்புறம் திரும்பி, அண்ணன் முகத்தைப் பார்க்காமல், அவர் மூக்கைப் பார்த்தபடி சொன்னார். "பாம்பெல்லாம் இல்ல அண்ணே. நான் சும்மா சொன்னேன். நீ எனக்கு எதையும் தள்ளிவிடல. நானே தூங்கி எந்திரிச்சு, நானே கேட்டு வாங்கினேன். இதுதான் நல்ல பாதி. நான் வரமாட்டேன்."

நியாயஸ்தர்தான் முதலில் பேசினார். அப்படியானால் தன்னிடம் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டார். கண்ணாடிக்காரர், அது கால் மாட்டுகிறவரைக்கும் சும்மா இருக்க முடியாமல் சொன்னது என்றார்.

அண்ணன் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு அந்தப் பக்கம் வெந்துபோச்சுடா. வண்டியில வெயிலு, வீட்டுக்கு வந்தா வெயிலு. சொல்ல வாய் வரல. தம்பி நிழல்ல வாடறேன்னு அழறப்போ, அண்ணன் நான் வெயில்ல வேகறேன்னு எப்படிச் சொல்றது?"

அண்ணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "வாசல்ல ஒரு தட்டி கட்டுங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன், தம்பி. அவன் வெயிலையே பாக்காம கிடக்கான், நாம வந்த வெயிலை மறைக்கிறதான்னு சொல்லி என்னையும் சேத்து வாட்டினாரு" என்றாள்.

கண்ணாடிக்காரர் ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி வளர்த்த அநியாயத்தை உண்மை என்று நம்பிய ஒரே ஆள் அண்ணன்தான். மற்றவர்களெல்லாம் கண்ணாடி கிடைத்ததும் மறந்துவிட்டுப் போனார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் காலடியில், ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டார். மன்னிச்சிரு என்று சொல்ல நினைத்து, இந்த இடத்துல வழுக்கும், பாத்து எந்திரி என்று சொன்னார்.

வீடு மாறவில்லை. கல்யாணம் நடந்தது. நியாயஸ்தருக்கு மட்டும், நடத்திவைக்க வந்த நீதி நடக்காமல் போனதில் கொஞ்சம் வருத்தம். கொத்தனாரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று முன்வாசலில் தட்டிக்குக் கம்பு நடச் சொன்னார்கள். அண்ணி அதற்கடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினாள்.

ஆனால் ஊரில் ஒரு உத்தியோகம் காலியாகிவிட்டதல்லவா? அண்ணன் அதை எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற மனிதர், நேரமும் இருந்தது. அத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கும் சேர்த்துப் பேசினார். முடி வெட்டுகிற கடையில், பேருந்துப் பணிமனை வாசலில், மருந்துக்கடை வரிசையில், தம்பி எப்படி நிழலைத் தட்டிக்கொண்டு போனான், தன்னை எப்படி வெயிலில் விட்டான் என்று சொன்னார். ஆச்சரியம் என்னவென்றால் அவர் நன்றாகவே சொன்னார். தம்பி வாயில் வந்த அதே வரிசை, அதே நிறுத்தம், கடைசியில் அதே பெருமூச்சு. ஊராருக்கு வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்ததுபோல ஆயிற்று.

கண்ணாடிக்காரர் சமாதானத்துக்கு ஒரு குட்டிப் பெரணியைத் தொட்டியில் நட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். தட்டிக்குள்ளே வை அண்ணே, வெயில் ஆகாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தார். அண்ணன் அதைத் தட்டிக்கு வெளியே, நல்ல வெயிலில் வைத்தார். இலைநுனி கருகியதும், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். சாயங்காலம் அண்ணி அதைத் தூக்கி உள்ளே வைத்துத் தண்ணீர் ஊற்றுவாள். காலையில் அண்ணன் திரும்ப வெளியே எடுத்து வைப்பார். பாவம் அந்தச் செடி, சாகவும் விடாமல் வாழவும் விடாமல் வைத்திருந்தார்கள். மதிய வேளைகளில் அண்ணன் பேருந்து இருக்கையை ஆள் வைத்துத் தூக்கிவந்து பின்முற்றத்தில் பெரிய பெரணிக்கு அடியில் போட்டுக்கொண்டு தூங்கினார். தனக்கு எவ்வளவு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது என்று தினமும் நேரில் பார்த்தால்தான் தெரிகிறது என்று சொன்னார். கண்ணாடிக்காரரின் மனைவி அவருக்குத் தலையணை கொடுத்தாள்.

கடையில் கண்ணாடிக்காரர் பாடுதான் திண்டாட்டம். வந்தவரின் கண்ணாடியைக் கழற்றுவார். வாயைத் திறப்பார். சொல்ல ஒன்றும் இருக்காது. வேலையை முடித்து உடனே மாட்டிவிடுவார். வியாபாரம் பெருகியது. அவருக்கு அதில் ஒரு சுகமும் இல்லை.

அப்படி ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்தார். அந்தி வெயிலின் கூச்சம் தாங்கவில்லை, நிறக்கண்ணாடி வேண்டும் என்றார். தம்பி அவரை முக்காலியில் உட்காரவைத்துப் பழைய கண்ணாடியைக் கழற்றினார். மூக்கில் இரண்டு பக்கமும் ஆழமான தடம். அத்தனை வருடத்தில் அண்ணனின் மூக்கை அவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. அடுத்த முக்காலியில் ஒரு தபால்காரர், அவரும் கண்ணாடி இல்லாமல், எதையும் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்குக் கூடப் பிறந்த தம்பி இருக்கானா?" என்று ஆரம்பித்தார்.

சுண்ணாம்புக் கோட்டிலிருந்து எல்லாம் வந்தது. சுட்ட தரை, கட்டாத தட்டி, கருகிய பெரணி. தபால்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். "இப்படியும் ஒரு தம்பியா? அவனெல்லாம் மனுசனா?" என்று கேட்டார். அண்ணன், கேட்டுக்கொள் என்பதுபோலக் கண்ணாடிக்காரர் இருக்கிற திசையில் முகத்தைத் தூக்கினார்.

கண்ணாடிக்காரர் புதுக்கண்ணாடியின் காலை அண்ணனின் காதுக்குப் பின்னால் பொருத்தி அளவு பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். "ஆமாங்க. பெரிய அநியாயம்தான்" என்றார்.

வேலை முடிந்துவிட்டது. லென்ஸும் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் இன்னும் பேருந்தில் பட்ட வெயிலுக்கு வரவில்லை. கண்ணாடிக்காரர் துணியை எடுத்து இன்னொரு தடவை துடைக்க ஆரம்பித்தார்.